மணலில் இறங்கிய மிலிட்டரி வண்டி

செய்யூர்ப் பக்கம் சவுக்குக் கட்டை ஏற்றுகிற லாரி டிரைவர்கள் தேவாவை 'மிலிட்டரி' என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வந்து சேர்கிறவர்கள் அதை நம்பி, எந்த ரெஜிமென்ட் என்று விசாரிப்பார்கள். தேவா வெட்கப்பட்டுச் சிரிப்பான். பட்டாளத்தில் அவன் ஒரு நாள்கூட இருந்தவனில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கிளீனராக லாரியில் ஏறி, பிறகு ஸ்டியரிங் பிடித்தவன்.

பெயர் வந்தது அவன் சேர்த்து வைத்த சாமான்களால். மற்ற டிரைவர்கள் லீவு நாளில் சினிமாவுக்குப் போவார்கள். தேவா சென்னைக்கு பஸ் ஏறி, பழைய இரும்புக் கடைகளில் நுழைந்து, ராணுவ வண்டியிலிருந்து கழற்றிய ஏதாவது ஒன்றோடு திரும்புவான். பச்சை பெயிண்ட் அடித்த எண்ணெய் கேன், கம்பி வலை போட்ட முகப்பு விளக்கு, தார்ப்பாய் மாட்டும் கொக்கி, ஒரு முறை தலைகாணி அளவுக்கு ஒரு ஏர் பில்டர். எல்லாம் வீட்டின் பின்பக்கம், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே துடைத்து அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். குடியரசு தினத்தன்று காலையில் டீவி முன்னால் உட்கார்ந்தால் அணிவகுப்பில் வண்டிகள் வரும்வரை எழுந்திருக்க மாட்டான். வண்டிகள் போய்விட்டால் டீவியை அணைத்துவிடுவான்.

அவன் மனைவி ரஞ்சிதா மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள். கல்யாணமான புதிதில் இதைப் பார்த்துப் பயந்துபோனாள். அண்ணி முறையுள்ள ஒருத்தியிடம் ரகசியமாகக் கேட்டாள்: "இன்னாக்கா இது, வூட்டாண்ட பழைய இரும்ப வச்சிகினு பேசிகினு கீறாரு?"

காரணம் அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. சுனாமி வந்தபோது தேவாவுக்கு இருபது வயது. அவன் அம்மா பார்வதம் கூடையில் மீன் வாங்கி ஊர் ஊராக விற்கிறவள். அன்று ஞாயிற்றுக்கிழமை. உப்பங்கழிக்கு அந்தப் பக்கம் இருக்கும் குப்பத்துக்கு விடியற்காலையிலேயே போய்விட்டாள். கடல் உள்ளே வந்து திரும்பியபோது நடுவிலிருந்த தரைப்பாலத்தையும் கொண்டு போய்விட்டது. அந்தக் கரையில் மனிதர்கள் இருப்பது தெரிந்தது. யார் யாரென்று தெரியவில்லை. தேவா இந்தக் கரையில் நின்றான். நீந்தப் பார்த்தவர்களைத் தண்ணீரின் இழுப்பு புரட்டித் தள்ளியது, போலீஸ்காரர்கள் பிடித்து உட்கார வைத்தார்கள். அன்று பூராவும் அவனால் செய்ய முடிந்தது அந்தக் கரையைப் பார்த்து "எம்மா" என்று கத்தியது மட்டும்தான். காற்று அதையும் இந்தப் பக்கமே திருப்பிக் கொண்டுவந்தது.

மறுநாள் மத்தியானம் ஒரு ராணுவ லாரி வந்தது. ஆளுயரச் சக்கரங்கள். தண்ணீருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றது. டிரைவர் இறங்கி ஒரு கழியால் ஆழம் பார்த்துவிட்டு ஏறினார். பிறகு அந்த வண்டி, பாலம் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீரில் இறங்கி, மூக்குவரை முழுகி, அவசரமே இல்லாமல் அக்கரைக்கு ஏறியது. திரும்பி வந்தபோது பின்னால் நிறைய ஜனம். அவர்களுக்கு நடுவில் கூடையில்லாமல், முக்காடு போட்டுக்கொண்டு, பார்வதம் உட்கார்ந்திருந்தாள்.

அம்மாவை இறக்கிவிட்ட பிறகு தேவா அந்த டயரைத் தொட்டுப் பார்த்தான். ஈரமாக, சூடாக இருந்தது. வடக்கத்தி டிரைவர் ஜன்னல் வழியாக அவனுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார். என்னவோ சொன்னார், புரியவில்லை. அதன் பிறகு பார்வதம் பல வருஷம் உயிரோடு இருந்து சாதாரணக் காய்ச்சலில் படுத்துப் போனாள். தேவா கல்யாணம் செய்துகொண்டான், சங்கவி என்று ஒரு பெண் பிறந்தாள். ஆனால் அந்த வண்டி அவனை விட்டுப் போகவில்லை.

நாற்பது தாண்டியபோது, அவனுக்குத் தெரிந்த ஒருவர் சொன்னார்: ராணுவத்தில் கழித்துவிட்ட வண்டிகளை ஏலம் போடுகிறார்கள், சென்னைக்கு வடக்கே ஒரு வியாபாரி ஏலத்தில் எடுத்துத் தன் யார்டில் நிறுத்தியிருக்கிறார். தேவா அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் முறை சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்தபோது ரஞ்சிதா கேட்டுவிட்டாள்.

"இன்னாயா, உடம்புக்கு எதுனா?"

"மிலிட்டரி லாரி ஒன்னு வருது."

"வந்தா வரட்டும். எங்க வருது?"

"நம்ம வூட்டுக்குத்தான். வாங்கலாம்னு கீறேன்."

ரஞ்சிதா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்திருந்தான். அவள் கத்தவில்லை. "அத்த வச்சி இன்னா பண்ணுவ?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பதில் அவனிடம் தயாராக இருந்தது. மழைக்காலத்தில் சவுக்குத் தோப்புக்குள் எந்த லாரியும் இறங்காது, வெட்டின கட்டை வாரக்கணக்கில் கிடந்து கறுத்துப் போகும். இது இறங்கும். மதுராந்தகம் ஏரிக்குக் கீழே அறுப்பு மிஷின்கள் சேற்றில் மாட்டிக்கொண்டால் இழுக்க ஆளில்லை. இது இழுக்கும். மாமல்லபுரத்துச் சிற்பிகளுக்குக் கல் வேண்டும். இது சுமக்கும். சொல்லிக்கொண்டே போனான். ரஞ்சிதா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் சரி. வேலைக்கின்னு வாங்கறியா, பாத்துகினு இருக்கறதுக்கு வாங்கறியா?"

"ரெண்டுத்துக்கும்தான்" என்றான் தேவா. பொய் சொல்ல வரவில்லை.

அப்பா விட்டுப்போன சவுக்கு நிலம் கொஞ்சம் இருந்தது. அதை விற்றான். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று ரஞ்சிதா பேசவில்லை. மறுநாள் அவளே டிபன் கட்டிக் கொடுத்து, "போய் இட்டுகினு வா உன் ஆளை" என்று அனுப்பினாள்.

யார்டில் வண்டிகள் மண்டியிட்ட யானைகளைப்போல வரிசையாக நின்றன. சிலவற்றுக்குள் செடி முளைத்திருந்தது. வியாபாரி தெலுங்கு பேசுகிறவர், எல்லோரையும் நைனா என்று கூப்பிடுகிறவர். முன்னால் இரண்டு, பின்னால் நான்கு, ஆறு பெரிய சக்கரங்களும் தனித்தனியாக இழுக்கக்கூடிய ஒரு கனரக வண்டியைக் காட்டினார். முன் பம்பருக்கு நடுவில் இரும்புக் கயிறு சுற்றும் விஞ்ச் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"விஞ்ச் எங்க?"

"அத்த அவங்களே கழட்டிட்டுத்தான் வுடுவாங்க நைனா. வேணும்னா பின்னால நீ ஒன்னு மாட்டிக்க."

மாட்டிக்கொள்ளலாம் என்று தேவாவும் நினைத்தான். பாட்டரி கொடுத்து ஸ்டார்ட் செய்தார்கள். முதலில் வெள்ளைப் புகை, பிறகு கறுப்புப் புகை, பிறகு ஒரு உறுமல். அவன் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்தான். வயிறுவரை அதிர்ந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகத்தை யாரும் பார்க்கக் கூடாது என்று குனிந்து ஏதோ நெம்புகோலைத் தேடுவதுபோலச் செய்தான்.

அந்த ராணுவப் பச்சை நிறத்தை ராணுவம் தவிர மற்றவர்கள் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே பழுப்பு மஞ்சள் அடித்தான். பேப்பர் வேலை முடிந்து நம்பர் கிடைப்பதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது. அதன்பிறகு வண்டி உழைத்தது. டீசலை அது குடிப்பதைப் பார்த்து பங்க் பையன்களே பரிதாபப்படுவார்கள், ஆனாலும் உழைத்தது. ஐப்பசி மழையில் தோப்புகளுக்குள் இறங்கிக் கட்டையோடு ஏறி வந்தது. திருக்கழுக்குன்றம் சாலையில் கவிழ்ந்த ஒரு ஜல்லி லாரியை நிமிர்த்தியது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஷ்யாம் என்கிற ஐ.டி. கம்பெனிக்காரன் அதைப் பார்க்க வருவான். பழைய ராணுவ ஜீப்புகள் இரண்டு வைத்திருக்கும் இளைஞன். இருவரும் வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பழைய வண்டிகளின் கண்காட்சி நடந்தபோது ஷ்யாம் தேவாவையும் அழைத்துப் போனான். பளபளவென்று நின்ற கார்களுக்கு நடுவில் இது சவுக்குத் தூள் படிந்த முகத்தோடு நின்றது. குழந்தைகள் எல்லாம் இதில்தான் ஏறின. தேவா அன்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். சங்கவி எடுத்த போட்டோவில் சக்கரத்தின் மேல் கை வைத்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறான்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று.

அந்தக் கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தது. காலையிலேயே ரஞ்சிதாவின் தம்பி சுதாகர் போன் செய்தான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே அதே குப்பத்தில் பைபர் படகு வைத்திருக்கிறவன்.

"மாமா, கடல் ஏறிகினே வருது. டிராக்டர் மண்ல எறங்க மாட்டேங்குது. உங்க வண்டிய எட்த்துகினு வர முடியுமா?"

தேவா சட்டையை மாட்டிக்கொண்டே வண்டிக்கு ஓடினான். இவனைக் கூப்பிட்டுவிட்டார்கள். இத்தனை வருஷமும் இந்த அழைப்புக்குத்தான் காத்திருந்தான் என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. ரஞ்சிதா வாசலுக்கு வந்து, "பாத்துயா" என்றாள். அவன் காதில் விழவில்லை.

குப்பத்தில் வானம் அழுக்கு வேட்டி நிறத்தில் தொங்கியது. தேவா டயர்களில் காற்றைப் பாதியாக இறக்கினான். மணலில் டயர் தட்டையாக உட்கார்ந்தால்தான் நடக்கும். கயிறு கட்டினார்கள். முதல் படகு சரசரவென்று மேலேறி, சவுக்குத் தோப்பைத் தாண்டி, தார்ரோட்டில் போய் உட்கார்ந்தது. குப்பமே ஓவென்று கத்தியது. அடுத்தது, அதற்கடுத்தது. மழை சாய்வாக அடித்தது, யாரும் கவனிக்கவில்லை. பெண்கள் டீ கொண்டுவந்து ஜன்னல் வழியாக ஊற்றிக் கொடுத்தார்கள். வேண்டா என்கிற விதவை, புருஷன் போன பிறகு படகையும் வலையையும் ஆள் வைத்து நடத்துகிறவள், தன் படகு மேலேறியதும் வண்டியின் பக்கத்தைத் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "மவராசன் வண்டிடா இது" என்றாள். தேவாவுக்குக் கண் கலங்கியது. கண்ணாடித் துடைப்பானை வேகமாக்கிப் பார்த்தான், கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

சுதாகர் ஊர்க்காரர்கள் படகுக்கெல்லாம் கயிறு கட்டிக்கொண்டே இருந்துவிட்டான். தன்னுடையதைக் கடைசிக்கு விட்டிருந்தான். அது வடக்கே, அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அங்கே கரை படிக்கட்டு போல வெட்டுப்பட்டு இறங்கும். கயிறு எட்டவில்லை. இரண்டு கயிற்றை முடிந்து இழுத்தார்கள், முடிச்சு இருந்த இடத்தில் அறுந்தது. விஞ்ச் இருந்திருந்தால் மேலே நின்றபடியே இழுத்திருக்கலாம். இல்லை.

"வுடுங்க மாமா" என்றான் சுதாகர். "இஞ்சினு கழட்டியாச்சி. வெறும் கூடுதான் கீது. போனா போவுது."

"இத்தினி ஏத்திட்டு உன்னுத வுட்டுட்டுப் போவச் சொல்றியா? உங்க அக்கா என்னிய வூட்டுக்குள்ள சேப்பாளா?"

சிரித்துக்கொண்டே சொன்னான். வண்டியைச் சுற்றித் திருப்பி, பின்பக்கமாக அந்தச் சரிவில் இறக்கினான். அவசரப்படவில்லை. ஆறு சக்கரமும் பூட்டித்தான் இறக்கினான். கயிறும் கட்டியாயிற்று.

அலை வந்தபோது ஒன்றும் ஆகவில்லை. பின் சக்கரங்களை நனைத்தது, அவ்வளவுதான். திரும்பிப் போனபோது டயருக்கு அடியிலிருந்த மணலையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனது. வண்டி பின்பக்கமாக ஒரு சாண் இறங்கியதை தேவா இடுப்பில் உணர்ந்தான். முதல் கியரைப் போட்டான். சக்கரங்கள் சுற்றின. மணல் பீய்ச்சி அடித்தது. வண்டி முன்னே போகவில்லை, கீழே போனது. உடனே காலை எடுத்தான். மேலும் சுற்றினால் மேலும் புதையும் என்பது அவனுக்குத் தெரியும். அடுத்த அலை வந்தது. போனது. இன்னொரு சாண்.

"கயித்த அவுருடா!" என்று கத்தினான். "வண்டிக்கு முன்னால கட்டுங்க! எல்லாம் வாங்க!"

ஊரே வந்தது. ஆண், பெண், கல்லூரிப் பிள்ளைகள், எல்லோரும் கயிற்றைப் பிடித்தார்கள். "ஏலோ" போட்டு இழுத்தார்கள். மலை மாதிரி நிற்கிற வண்டி அது, எத்தனை கைகள் இழுத்தால் நகரும்? சக்கரத்துக்கு அடியில் சவுக்குக் கட்டை கொடுத்தார்கள், தென்னை மட்டை கொடுத்தார்கள், யாரோ தன் வீட்டுக் கதவையே கழற்றிக்கொண்டு வந்து கொடுத்தான். கடல் எல்லாவற்றையும் வாங்கி ஓரமாகப் போட்டது. டிராக்டரைத் தோப்பு ஓரத்தில் நிறுத்திக் கயிறு கட்டினார்கள், டிராக்டர்தான் பின்னால் வந்தது. மண் அள்ளும் இயந்திரத்துக்குப் போன் போட்டார்கள். அதன் டிரைவர் தார்ரோட்டு வரை வந்து, கடலைப் பார்த்து, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் புகைக்குழாயை மூடியது. இஞ்சின் இரண்டு முறை இருமியது. பிறகு நின்றுவிட்டது. தேவா சாவியைத் திருப்பினான். திரும்பவும் திருப்பினான். சாவி திரும்புகிற சின்னச் சத்தம் மட்டும்தான் வந்தது. காற்றுக்கும் அலைக்கும் நடுவில் அது அவனுக்கு மட்டும் கேட்டது.

அப்போதுதான் ஒரு பெரிய அலை வந்து, கட்டு அவிழ்த்துவிட்டிருந்த சுதாகரின் காலிப் படகைத் தூக்கியது. வண்டிக்குப் பக்கத்தில் உரசாமல் தாண்டி, கரையின் வெட்டுக்கு மேலே, தோப்பு ஓரத்தில் கொண்டுபோய்ப் பூப்போல வைத்தது. சிலர் அதைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். பிறகு, தேவா பார்க்கிறான் என்று வாயை மூடிக்கொண்டார்கள்.

போலீஸ் வந்து எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னது. தேவா இறங்கவில்லை. சுதாகரும் இன்னும் இரண்டு பேரும் ஏறி, அவன் விரல்களை ஒவ்வொன்றாக ஸ்டியரிங்கிலிருந்து பிரித்தார்கள். ஒரு சப்-இன்ஸ்பெக்டர், வயதில் இவனைவிடச் சின்னவர், தோளைப் பிடித்துச் சொன்னார்: "அண்ணே, வண்டி வேற வாங்கிக்கலாம்ணே." தேவா அவரைப் பார்த்தான். நடந்தான்.

விடிந்தபோது புயல் கரையைக் கடந்திருந்தது. குப்பத்தில் ஒரு படகுகூடக் கடலோடு போகவில்லை. அக்கம்பக்கத்து ஊர்களில் எல்லாம் நொறுங்கிக் கிடந்தன, இங்கே தார்ரோட்டில் வரிசையாக, கல்யாண வீட்டு வண்டிகள் மாதிரி நின்றன. கரை மட்டும் உள்ளே வந்துவிட்டது. நேற்று அவன் வண்டியை நிறுத்திய இடத்தில் இன்று கடல். அதற்குள் கூரையும், கண்ணாடியின் மேல் பாதியும் தெரிந்தன. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, மீதியெல்லாம் மணலுக்குள் போயிருந்தது.

ரஞ்சிதா முதல் பஸ்ஸில் வந்தாள். மணலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் கொஞ்ச நேரம் அந்தக் கூரையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று அவன் காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும்போல் இருந்தது.

"நாஸ்தா துன்னியா?"

அவன் தலையாட்டினான், இல்லையென்று. அவள் பையிலிருந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து அவன் மடியில் வைத்தாள். பார்த்துக்கொண்டே ஒன்றைத் தின்றான். மணல் நறநறத்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் முயற்சிகள். ஷ்யாம் நண்பர்களைத் திரட்டிக்கொண்டு வந்தான். நான்கு சக்கர இழுவை ஜீப்புகள், புதிய விஞ்ச், பெல்ட்டுகள், மணலைக் கரைக்கிற பம்ப். நல்ல பையன்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று காலையிலிருந்து தோண்டினார்கள். தோண்டின குழியைக் கடல் ஒரே மூச்சில் மூடியது. ஒரு ஜீப் மாட்டிக்கொண்டபோது எல்லோரும் பதறி அதை வெளியே எடுப்பதில் மத்தியானம் போயிற்று. மாலையில் ஷ்யாம் தலையிலிருந்து கால்வரை மண்ணோடு வந்து நின்றான்.

"தேவா அண்ணா, எனக்கு வேற வழி தெரியல. ரொம்ப சாரிண்ணா."

"நீ இன்னா தம்பி பண்ணுவ" என்று தேவாதான் அவனைத் தேற்ற வேண்டியிருந்தது.

பெரிய கிரேன்காரர் ஒருவர் வந்து பார்த்தார். கிரேன் நிற்பதற்கே கெட்டியான தரை இல்லை என்றார். கடலுக்குள்ளிருந்து மிதவைக் கிரேன் கொண்டுவந்தால் முடியும், அதற்குத் துறைமுகத்துக்காரர்களைக் கேட்க வேண்டும், இந்த வண்டிக்காக யார் வருவார்கள் என்று அவரே கேட்டு அவரே கையை விரித்தார். கிராம அதிகாரி ஒருவர் வந்தார். மரியாதையான மனிதர். "இது இங்கேயே கிடக்கக் கூடாதுங்க, எடுக்கணும்" என்றார். "எப்படி சார்?" என்று தேவா கேட்டான். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அவர் கடலைப் பார்த்தார். "எடுக்கணும்னுதான் எனக்குச் சொல்லியிருக்காங்க" என்றார். பிறகு அவர் தன் மோட்டார் சைக்கிளை நோக்கிப் போனார்.

தை பிறந்தபோது கூரையும் மறைந்துவிட்டது. தண்ணீர் இறங்குகிற வேளைகளில் மட்டும் அங்கே அலை கொஞ்சம் தடுக்கி விழுவது தெரியும். தேவா வேறொருவர் லாரியில் டிரைவராகச் சேர்ந்தான். லோடு இல்லாத நாட்களில் குப்பத்துக்கு வந்து அதைப் பார்த்துவிட்டுப் போவான். டீக்கடையில் ஜனங்கள் அவனுக்குக் காசு வாங்காமல் டீ கொடுத்தார்கள். ஆரம்பத்தில் உட்கார்ந்து பேசினார்கள். போகப்போக அவன் வந்தால் பேச்சு குறைந்தது. அவன்மேல் வருத்தமில்லை. எல்லோர் வீட்டுப் படகும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது, அவன் முன்னால் மீனைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டார்கள்.

மாசியில் ஒரு நாள் வேண்டா அவன் வீட்டுக்கே வந்துவிட்டாள். பஸ் மாறி, செய்யூர் வந்து, விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள். கட்டைப்பையிலிருந்து வலைத்துண்டு ஒன்றை எடுத்துத் தரையில் போட்டாள். நடுவில் ஆள் நுழைகிற அளவுக்குக் கிழிசல்.

"உன் வண்டிதான்" என்றாள்.

ரஞ்சிதா தண்ணீர் கொண்டுவந்தாள். வேண்டா குடித்தாள்.

"எனக்கு மட்டும் இல்ல. நாலஞ்சி பேருக்குக் கிழிஞ்சிகீது. யாரும் உன்னாண்ட வந்து சொல்ல மாட்டாங்க. எப்பிடிச் சொல்லுவாங்க? நீ வரலன்னா அன்னிக்கி எங்கள்து ஒன்னும் இல்ல. நானும் உன்னிய திட்டலாம்னுதான் கெளம்பினேன். பஸ்ல வரச்சொல்ல நெனச்சிப் பாத்தா இன்னான்னு திட்றதுன்னே தெர்யல. அதுக்கோசரம் வாய மூடிகினு இருந்தா வலை கிழியாதயா இருக்கப்போவுது? நீயே சொல்லு, இன்னா பண்றது?"

தேவா அந்த வலையைக் கையிலெடுத்துக் கிழிசலை விரித்துப் பார்த்தான். நைலான் நரம்பில் பழுப்பு மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருந்தது. கதவு மூலையாக இருக்கும், இல்லையென்றால் பின்பலகையின் கொக்கி. எந்த இடமென்று அவனால் கிட்டத்தட்ட சொல்ல முடிந்தது. அதனால் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

"நான் புச்சா ஒன்னு..." என்று ஆரம்பித்தான்.

"அத்த கேக்க வரல நானு" என்று வேண்டா கோபப்பட்டாள். பிறகு அழுதாள். ரஞ்சிதாவும் அழுதாள். வேண்டா போகும்போது தேவா பஸ் ஸ்டாப்வரை கூடப் போய் ஏற்றிவிட்டான்.

அந்த வாரமே சுதாகருக்குப் போன் போட்டான். "மச்சான், அங்க அடையாளம் ஒன்னு வுடணும். மெதவ கட்டலாம்."

"நான் பாத்துக்கறேன் மாமா. நீங்க வர வேணாம்."

"எந்த எடம்னு உனக்குச் சரியாத் தெர்யாது. நான் வரேன்."

கடல் அன்று ஏரி மாதிரி படுத்திருந்தது. சுதாகரின் படகில்தான் போனார்கள். வெள்ளைக் கேன்களை ஒன்றாகக் கட்டி, அதில் மூங்கில் நட்டு, உச்சியில் ரஞ்சிதாவின் பழைய சிவப்புச் சேலைக் கிழிசலைக் கட்டியிருந்தார்கள். அடியில் நங்கூரத்துக்குச் சிமெண்ட் மூட்டை. சுதாகர் இஞ்சினை நிறுத்தினான். தேவா விளிம்பில் குனிந்து பார்த்தான். தண்ணீர் கலங்கலாக இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. கழியை இறக்கிக் குத்தினான். மணல், மணல், மணல். கொஞ்சம் தள்ளிக் குத்தினான். ணங் என்றது.

கழி வழியாக அந்த அதிர்வு அவன் முழங்கைவரை ஏறியது. கேபின் கூரையாக இருக்க வேண்டும். அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். படகு மெல்ல ஆடியது. சுதாகர் மூட்டையை விளிம்புக்குத் தூக்கி வைத்துக் காத்திருந்தான்.

"இங்கதானா மாமா?"

"கொஞ்சம் தெக்கால வுடு. கூரை மேல வேணாம்" என்றான் தேவா. "நசுங்கிடும்."

சுதாகர் மூட்டையை அவன் காட்டிய இடத்தில் தள்ளினான். கயிறு ஓடி முடிந்து நின்றது. மூங்கில் ஒரு முறை சாய்ந்து நிமிர்ந்தது. இஞ்சினைப் போட்டு அவர்கள் கரைக்குத் திரும்பியபோது வேண்டாவின் படகு எதிரே வந்தது. அதை ஓட்டிய ஆள் சிவப்புத் துணியைப் பார்த்துவிட்டு, கையை உயர்த்திக் காட்டி, அகலமாக வளைந்து போனான்.